இடுப்பில் செருகிப் போகும் டிரிப்ஸ் பாட்டில்: ஓஆர்எஸ் பாக்கெட் பிறந்த கதை

ஓபியில் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்கும் காட்சி இது. ரெண்டு வயசுக் குழந்தை, நேத்து ராத்திரியிலிருந்து பேதி. கண்ணு லேசா உள்ள போயிருக்கு, ஆனா குழந்தை முழிச்சிட்டு இருக்கு, தண்ணி கொடுத்தா ஆசையா குடிக்குது. நான் ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டுவேன். அம்மா முகம் அப்படியே வாடிப் போகும்.

"இந்தப் பவுடர் மட்டும்தானா சார்? ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தி விடுங்களேன்."

அந்தப் பாக்கெட்டும் ஒரு டிரிப்ஸ் பாட்டில்தாம்மா, தண்ணியை மட்டும் உங்க வீட்ல ஊத்திக்கணும்னு சொல்வேன். பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. அவங்களுக்காகத்தான் இந்த நீண்ட இழை. மெதுவாப் படிங்க.

தண்ணீரை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் உடம்போடு எடுத்துச் செல்வது மனுசன் ரொம்பப் பழங்காலத்திலிருந்து செய்து வந்த வேலை. திபெத்தில் வறுத்த பார்லி மாவைச் சின்னத் தோல் பையில் எடுத்துப் போவார்கள். 'சம்பா' என்று பெயர். போகிற இடத்தில் வெண்ணெய்த் தேநீரில் கலந்தால் சாப்பாடு ரெடி. வடக்கு மெக்சிகோ மலைகளில் ரராமுரி மக்கள் வறுத்த சோள மாவைப் பையில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடுவார்கள். ஓடைத் தண்ணீரில் கலக்கி ஒரு மடக்கு, மறுபடி ஓட்டம். நம்ம பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை மாதிரி ஒன்று, அதில் வெத்தலைக்குப் பதில் பானம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதில் கலக்கும் பொடியோ சில கிராம். தண்ணீர் எங்கேயும் கிடைக்கும், அதைச் சுமப்பானேன்?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவமும் இதையே செய்தது. கே-ரேஷன் என்று ஒரு உணவுப் பொட்டலம், சட்டைப் பையில் அடங்கும் அளவு. காலைப் பொட்டலத்தில் இன்ஸ்டன்ட் காபி, மதியத்தில் எலுமிச்சைப் பொடி. வைட்டமின் சி குறையாமல் இருக்க அந்தப் பொடி. ஆனால் புளிப்பு தாங்காமல் சிப்பாய்கள் அதற்கு 'பேட்டரி ஆசிட்' என்று பெயர் வைத்தார்கள். தரை தேய்க்கக்கூட உபயோகித்தார்களாம்! உடம்புக்கு நல்லது என்பது வேறு, வாயில் இறங்குமா என்பது வேறு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்போ காலராவுக்கு வருவோம். நம்ம ஊரில் வாந்திபேதி என்று பெயர் சொல்லவே பயந்த நோய். முற்றிய நிலையில் ஒரு ஆளிடமிருந்து ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல்கூட நீர் வெளியேறும். கிருமி கொல்வதைவிட வறட்சிதான் கொல்லும். போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். நரம்பு வழியாகக் கொடுக்கத் தெரிந்திருந்தது. வாய் வழியாகக் கொடுத்தால்? உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், பேதியாகவே போனது. குடல் வேலை செய்யவில்லை, அதற்கு ஓய்வு கொடு, வாயில் எதுவும் கொடுக்காதே என்பதுதான் அன்றைய பாடம். "பேதி நிக்கிற வரைக்கும் தண்ணி கொடுக்காதே" என்று இன்றைக்கும் சில வீடுகளில் சொல்கிறார்களே, அதே தப்பு.

1953-இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் காப்பாற்றியதாக லான்செட் இதழில் எழுதினார். கூடவே ஒரு இலைச்சாறும் கொடுத்திருக்கிறார். என்ன இலை தெரியுமா? நம்ம வீட்டுத் தொட்டியில் வளர்கிற கற்பூரவள்ளி! குணமானதற்குக் காரணம் இலை இல்லை, உப்பும் குளுக்கோஸும்தான். ஆனால் மேற்கத்திய மருத்துவ உலகம் அவர் கட்டுரையை அப்படியே கடந்து போய்விட்டது. ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அப்போது யாரிடமும் இல்லை.

அந்த விளக்கம் 1960-இல் வந்தது. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் பிராகாவில் நடந்த கூட்டத்தில் சொன்னார்: குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் தனியாக வந்தால் அது திறக்காது. குளுக்கோஸும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் ரெண்டையும் சேர்த்து உள்ளே விடும். அவை போகும் இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா நச்சு குடலில் வேறொரு குழாயைத் திறந்துவிட்டு நீரை வெளியேற்றுகிறது, ஆனால் இந்தக் கதவைத் தொடுவதே இல்லை! வீட்டின் பின்பக்கம் வெள்ளம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதும் வாசல் கதவு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அளவு முக்கியம். 1962-இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் இதே மாதிரி ஒரு கரைசலைப் பரிசோதித்தார். உப்பு அதிகமாகிவிட்டது. சில நோயாளிகள் இறந்துபோனார்கள். மனுசன் உடைந்துபோய் அந்த வழியையே சந்தேகிக்க ஆரம்பித்தார். உப்பையும் சர்க்கரையையும் எவ்வளவு நீரில் கலக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அளவைச் சரிசெய்து, வெளியேறுவதை அளந்து அளந்து அதே அளவு குடிக்கக் கொடுத்தார்கள். டிரிப்ஸ் தேவை பெருமளவு குறைந்தது.

இருந்தாலும் அது ஆராய்ச்சி வார்டு. படுக்கை, நர்ஸ், லேப் எல்லாம் இருந்த இடம். வெளியே, சேற்றில், கூட்டத்தில் நடக்குமா?

1971. கிழக்கு பாகிஸ்தானில் போர். சுமார் ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா. எல்லையோர ஊரான போங்காவ் மருத்துவமனைக்கு ஜூன் மாதம் திலீப் மகலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் போய்ச் சேர்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். அங்கே ரெண்டு அறைகள், தரை முழுக்க நோயாளிகள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற முடியும். நானும் அரசு ஆஸ்பத்திரியில் வராந்தாவில் பாய் போட்டு நோயாளி பார்த்தவன்தான். ஆனாலும் அவர் எழுதியதைப் படிக்கும்போது முழங்கால் கூசும்.

கொஞ்ச நாளில் டிரிப்ஸ் பாட்டில் தீரும் நிலை. இங்கேதான் அவர் பொடியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது நம்ம ஆப்பசோடா. பொட்டாசியம் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேலை எளிதாக வேண்டுமென்று விட்டுவிட்டார்.

கல்கத்தா மையத்தின் நூலக அறையே தொழிற்சாலை ஆனது. ஒருவர் பாலிதீன் பையில் குளுக்கோஸ் போடுவார், அடுத்தவர் உப்பும் சோடாவும் சேர்ப்பார், மூன்றாமவர் எப்படிக் கலக்குவது என்று எழுதிய சீட்டை வைத்து, சூடான அயர்ன் பாக்ஸால் பையின் வாயை ஒட்டுவார். அவ்வளவுதான் மெஷின்! 4 லிட்டருக்கு ஒரு பை, 16 லிட்டருக்கு ஒரு பை. ஒரு லிட்டருக்கான செலவு 11 பைசா.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 28 கிராம் பொடி என்றால் 16 லிட்டர் பை 448 கிராம். அரைக் கிலோகூட இல்லை. அதே 16 லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் டிரிப்ஸாக எடுத்துப்போனால் திரவம் மட்டுமே 16 கிலோ, கண்ணாடி எடை தனி, ஊசி, ட்யூப், ஏற்றத் தெரிந்த ஆள் எல்லாம் தனி. பொடிப் பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஆள் ஒரு வார்டையே சுமந்து போகலாம்.

முகாமில் பையைப் பிரித்து, அடியில் குழாய் வைத்த டிரம்மில் கலக்கினார்கள். டம்ளரில் பிடித்து வாயில் கொடுத்தது யார்? நோயாளியின் அம்மா, அண்ணன், மனைவி. மிக மோசமான நிலையில் வந்தவர்களுக்கு முதலில் டிரிப்ஸ், தேறியதும் இந்த நீர். மற்றவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த நீர்தான். ரெண்டு மாதத்தில் 3,700க்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் 3.6%. அதற்கு முன்பு முகாம்களில் 30% அளவில் இறந்துகொண்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த திமான் பருவா நேரில் வந்து பார்த்தார், அசந்துபோனார், பிறகு இதற்காக ஊர் ஊராகப் பேசினார். போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு ரகசிய வங்காள வானொலி இந்தக் கலவையின் செய்முறையை ஒலிபரப்பியது. ஆனாலும் மருத்துவ உலகில் பலர் வருடக்கணக்கில் முகம் சுளித்தார்கள். சர்க்கரை உப்புத் தண்ணி ஒரு வைத்தியமா என்று. என் ஓபிக்கு வருகிற அம்மாவின் முகச்சுளிப்புக்கும் பெரிய படிப்புப் படித்தவர்களின் முகச்சுளிப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை பாருங்க.

வங்கதேசம் பிறந்த பிறகு இன்னொரு கேள்வி. பாக்கெட்டே போய்ச் சேராத கிராமத்துக்கு என்ன செய்வது? பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர். பாக்கெட்டே வேண்டாம், அளவுகோல் அவரவர் கையிலேயே இருக்கிறது! 1.2 கோடிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சம்பள முறை. ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்க்கவில்லை. சில வாரம் கழித்து இன்னொருவர் போய், சொல்லிக்கொடுத்த பத்து விஷயத்தில் அந்த அம்மாவுக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறது, கலக்கிக் காட்டுகிறாரா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் பணம்.

பாக்கெட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆப்பசோடா சேர்த்த கலவை வெக்கையிலும் ஈரத்திலும் பழுப்பாகிக் கட்டி தட்டியது. 1980-களில் அதற்குப் பதில் சிட்ரேட் வந்தது. 2002 வாக்கில் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தார்கள். இன்றைய பாக்கெட்டில் லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. போங்காவில் விட்டுப்போன பொட்டாசியம் திரும்பி வந்துவிட்டது. இந்த அளவில் டிரிப்ஸ் தேவையும் வாந்தியும் இன்னும் குறைந்தன.

தீராத ஒரு பிரச்சினை மட்டும் இருந்தது: அந்த ஒரு லிட்டர். எத்தனை வீட்டில் ஒரு லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கிறது? சின்னக் குழந்தை ஒரே நாளில் அத்தனையும் குடிக்காது, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். கொட்ட மனசு வராமல் அம்மா என்ன செய்வார்? பாக்கெட்டைக் கொஞ்சமாகப் பிரித்து ஸ்பூனால் போடுவார். என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன், பால் பாட்டிலில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை ரத்தத்தில் சோடியம் எகிறி, வலிப்போடு வந்தது. அந்த அம்மா அன்பில்தான் செய்தார். யாரும் அவருக்குப் பாத்திரத்தைக் காட்டிச் சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் உட்பட. பிழைத்துக்கொண்டது குழந்தை. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மணிலாவில் 1962-இல் நடந்ததும் இதுதானே என்று தோன்றியது.

ஜாம்பியாவில் சைமன் பெர்ரி என்பவர் இதைத்தான் பிடித்தார். கோகோ கோலா போகாத கிராமம் இல்லை, ஓஆர்எஸ் மட்டும் ஏன் போகவில்லை? கோலா பெட்டியில் பாட்டில் கழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் பொருந்தும்படி ஒரு டப்பா செய்தார்கள். பெயர் 'கிட் யமோயோ'. உள்ளே 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டுகள், ஜிங்க் மாத்திரை, சோப்பு. அந்த டப்பாவே அளவுப் பாத்திரம், கலக்கும் பாத்திரம், குடிக்கும் டம்ளர்! 2013-இல் லண்டன் டிசைன் மியூசியம் விருது கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் கடைக்காரர்களில் வெகு சிலரே அதைக் கோலா பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனார்கள். மற்றவர்கள் சைக்கிளில், பையில், தலையில் வைத்து வழக்கம்போல எடுத்துப் போனார்கள். இடுக்கில் நுழையும் வடிவத்தைவிடச் சின்னப் பாக்கெட்டும் அந்த டம்ளரும்தான் ஜெயித்தன.

சிப்பாய்கள் துப்பிய எலுமிச்சைப் பொடி ஞாபகம் இருக்கா? ஓஆர்எஸ்ஸும் பெரிய ருசி கிடையாது. இனிப்பைக் கூட்டினால் சுலபமாக விற்கும். ஓஆர்எஸ் என்று பேர் போட்டு இனிப்புப் பானங்கள் டெட்ரா பேக்கில் வந்தது அப்படித்தான். சர்க்கரை பல மடங்கு. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குப் பின்னால் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் பல வருடப் போராட்டம் இருக்கிறது.

மகலநாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இன்பாக்ஸில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்பவே சொல்லிடறேன். பெரிய பாக்கெட் என்றால் முழுசையும் ஒரே தடவையில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்தான் சரியான அளவுப் பாத்திரம். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, கவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்க. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிடுங்க, மனசு வராட்டியும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பால், சாப்பாடு நிறுத்த வேண்டாம். ஜிங்க் 14 நாள். குழந்தை மயங்கினாலோ, குடிக்கவே மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ பாக்கெட்டோடு நிற்காமல் ஓடி வாங்க. அப்போ நானே டிரிப்ஸ் போடறேன்.