ஐயாயிரம் பஸ்கியை எண்ணியவர் யார்?

பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வளைய வடிவிலான எடை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் நிறை 95 கிலோ. காமா பயில்வான் (1878–1960) பஸ்கி எடுக்கும்போது பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் இதற்கு ஹஸ்லி என்று பெயர்; வட இந்தியப் பெண்கள் கழுத்தில் அணியும் வளைய அணியின் பெயரும் அதுவே. காமாவைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் வேறு இரண்டு எண்களும் உண்டு: நாள்தோறும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால். ஹஸ்லியை இன்றும் தராசில் வைத்துப் பார்க்கலாம். இவ்விரு எண்களைச் சரிபார்க்க அப்படியொரு வழி இல்லை.

இவை பொய் என்று தள்ளிவிடவும் இயலாது. ஒரு பஸ்கிக்கு இரண்டு நொடி என்று கொண்டால் 5,000 பஸ்கிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு தண்டாலுக்கு மூன்று நொடி எனில் 3,000 தண்டாலுக்கு இரண்டரை மணி நேரம். தத்தியா அரசரின் ஆதரவில் வாழ்ந்து, உடலைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு நாளில் ஐந்தேகால் மணி நேரம் கிடைத்திருக்கக் கூடும். அது இயலுமா என்பதைவிட, அந்த எண் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா. ‘ஆயிரம் பேரை வென்றான்’ என்னும் புகழுரையில் வரும் ஆயிரத்தை எவரும் கூட்டிச் சரிபார்ப்பதில்லை. காமாவின் ஐயாயிரமும் அவ்வகைப் புகழெண்ணாக இருக்கலாம்.

அகாடாவில் எண்ணிக்கைக்கு இருந்த இடத்தைக் காமாவின் சிறுவயதுச் செய்தி ஒன்று காட்டுகிறது. 1888-இல், பத்து வயதுச் சிறுவனாக, ஜோத்பூரில் நடந்த வலிமைப் போட்டி ஒன்றில் அவர் கலந்துகொண்டார். நானூறுக்கும் மேற்பட்ட மல்லர் கூடிய அப்போட்டியில் பஸ்கி முதலிய கடும் பயிற்சிகள் இடம்பெற்றன. இறுதிவரை நின்ற பதினைவருள் அவரும் ஒருவர். வயதைக் கருதி அரசர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அங்கே கேட்கப்பட்டது எத்தனை என்பதன்று. இன்னும் யார் நிற்கிறார் என்பதே. களைத்தவர் விலக, களம் தானே எண்ணிக்கொண்டது. பனாரஸ் அகாடாக்களை ஆய்ந்து 1992-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர், மல்லரின் பயிற்சியை உணவு, பிரமச்சரியம், மண், குருபக்தி ஆகியவற்றோடு பிணைந்த ஒழுக்கமாகவே விளக்குகிறார். அவ்வொழுக்கத்துள் எண் ஒரு பகுதி மட்டுமே.

எண்ணுவதற்கு உடலுக்கு வெளியே ஒரு கருவி தேவையில்லை என்பதற்குச் சூரிய நமஸ்காரம் நல்ல சான்று. மித்திரன், ரவி, சூரியன், பானு எனத் தொடங்கிப் பாஸ்கரனில் முடியும் பன்னிரு பெயர்கள். சுற்றுக்கு ஒரு பெயர். பாஸ்கரன் வந்துவிட்டால் பன்னிரண்டு முடிந்தது. வழிபாடாக ஒலிப்பதே கணக்காகவும் நின்றது. மராட்டியப் பகுதியின் சிறு சமஸ்தானமான ஔந்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, 1928-இல் இதனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். தம் ஆட்சிக்குட்பட்ட பள்ளிகளில் இதனைக் கட்டாயமும் ஆக்கினார். 1938-இல் லண்டன் வாசகருக்கென வெளிவந்த நூல் உடலின் நிலைகளைப் பத்தாக வரிசைப்படுத்திக் காட்டியது. நிலைகள் இவ்வாறு வரையறுக்கப்பட்டதும், ஒரு சுற்றினைச் சரியானது என்றோ பிழையானது என்றோ பிறர் தீர்ப்பளிக்க இடம் பிறந்தது. இம்மாற்றத்துக்கு உடற்கல்வி வரலாற்றில் உரிய கவனம் இன்னும் கிட்டவில்லை.

விடுதலைக்குப் பின் அரசே எண்ணத் தொடங்கியது. 1959–60-இல் தொடங்கப்பட்ட தேசிய உடல்திறன் இயக்கம் முதல், இன்று பள்ளிகளில் நடைபெறும் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனை வரை அதன் தொடர்ச்சியைக் காணலாம். ஒன்பது முதல் பதினெட்டு வயது வரையிலான மாணவர் வயிற்றுத் தசைக்கான பகுதிச் சுருளலையும், மாணவர் தண்டாலையும், மாணவியர் முழங்கால் ஊன்றிய மாற்றுத் தண்டாலையும் செய்ய வேண்டும். எண்ணுபவர் பெரும்பாலும் ஆசிரியர். வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அவருடைய கண்ணும் பொறுமையும் எவ்வளவு தாங்கும் என்பதை எந்த வழிகாட்டிக் கையேடும் பேசுவதில்லை.

படைக்கு ஆள்சேர்ப்பில் இக்கேள்வி வாழ்க்கையையே தீர்மானிக்கும். கம்பியில் தொங்கி உடலை மேலிழுக்கும் சோதனையில் பத்து இழுப்புக்கு 40 மதிப்பெண், ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16; அதற்கும் கீழே தோல்வி. மோவாய் கம்பியைத் தாண்டியதா இல்லையா என்று நிற்பவர் கண்ணால் தீர்மானிக்கும் ஒரு நொடியின் விலை ஏழு மதிப்பெண். இவ்விடத்தில்தான் இயந்திரக் கண்ணின் மேல் மக்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்நம்பிக்கையை எள்ளி நகையாடுவது, ஓராண்டுக் காலம் விடியற்காலையில் சாலையில் ஓடிய கிராமத்து இளைஞரை அறியாதவர் செயல்.

அந்தக் கண்ணுக்கும் நீண்ட மரபு உண்டு. எத்தியேன்-ஜூல் மரே 1882-இல் துப்பாக்கி வடிவ ஒளிப்படக் கருவியால் நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுத்தார். அடுத்த ஆண்டளவில், கறுப்பு ஆடை அணிந்த மனிதரின் கைகால்களில் வெண்கோடு வரைந்து, கறுப்புப் பின்னணியில் நடக்கச் செய்தார். படத்தில் உடல் மறைந்தது. கோடுகள் மட்டும் எஞ்சின. 1973-இல் ஸ்வீடனின் குன்னர் யோஹான்சன், மூட்டுகளில் ஒளிப்புள்ளி பொருத்தியவர் இருளில் நடந்தால் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டே அது மனித நடை எனக் கண் அறிந்துகொள்கிறது என்று காட்டினார். இன்றைய கைபேசி மரேயின் கறுப்பு ஆடையைக் களைந்துவிட்டது. கோட்டினை அதுவே ஊகித்து வரைகிறது.

எண்ணும் முறை எளியது. முழங்கால் மூட்டின் கோணம், எடுத்துக்காட்டாக, 90 பாகைக்குக் கீழே சென்றால் ‘தாழ்ந்தது’, 160-ஐத் தாண்டினால் ‘எழுந்தது’. தாழ்ந்து எழுந்தால் ஒன்று. இரு எல்லைகளுக்கும் இடையே இடைவெளி விடாவிட்டால், எல்லைக்கோட்டில் நடுங்கும் ஒரு முழங்கால் மூன்று நான்காக எண்ணப்பட்டுவிடும். ஆக, ‘ஒன்று’ எது என்பதைப் பயன்படுத்துபவர் அல்லர், கோணங்களைக் குறித்தவர் முன்னரே முடிவு செய்துவிட்டார்.

இந்திய உடல் இங்கே இடறுகிறது. மல்லரின் பஸ்கியில் அமரும்போது குதிகால் உயரும், கைகள் வீசப்படும். பரவலாகப் பயன்படும் 17 புள்ளி முறை கணுக்காலோடு முடிந்துவிடுவதால் குதிகால் என்பதே அதற்குத் தெரியாது. பஸ்கியும் மேலைநாட்டு ஸ்குவாட்டும் அதற்கு ஒன்றே. 2020-இல் கூகுள் வெளியிட்ட, 33 புள்ளி கொண்ட பிளேஸ்போஸ் குதிகாலையும் குறிக்கிறது. ஆனால் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்ற விதியை அதன்மேல் எழுதினால், காமாவின் பஸ்கி ஒவ்வொன்றும் பிழையாகும். தண்டாலும் அவ்வாறே: இடுப்பை உயர்த்தித் தொடங்கி, மார்பைத் தாழ்த்தி முன்னோக்கி வழுக்கி எழும் வளைவு அது. உடல் நேர்கோடாக இருக்க வேண்டும் என்னும் புஷ்-அப் இலக்கணத்துக்கு முன் அது தோற்கும். கூடுதலாகக் காணும் கருவி கூடுதலாகத் தண்டிக்கவும் வல்லது என்பது சற்றே வியப்பான உண்மை.

அதே 2020-இல் வெளிவந்த ரெப்நெட் வேறு வழியில் சென்றது. அது மூட்டுகளைத் தேடுவதில்லை. காணொளியின் ஒவ்வொரு படத்தையும் பிற படங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, எது எத்தனை இடைவெளியில் மீள்கிறது என்று காண்கிறது. தண்டாலும் மாவு பிசைதலும் அதற்கு ஒரே தன்மையுடைய மீளல்களே. அகாடாவின் மூலையில் கண்மூடி அமர்ந்து மூச்சொலியின் தாளத்தால் சீடனை அறியும் குருவுக்கு இது நெருக்கமானது. ஆயினும் அரைகுறையாகத் தாழ்ந்து எழுபவரையும் தாளம் தவறாத வரை அது முழுமையாக எண்ணிவிடும்.

இத்தகைய செயலிகள் பல காணொளியைக் கைபேசிக்குள்ளேயே ஆராய்ந்து, படங்களைச் சேமிக்காமல் கழித்துவிடுகின்றன. தனியுரிமைக்கு அது நன்மை. ஒன்பதா பத்தா என்று ஓர் இளைஞர் பின்னாளில் முறையிட்டால், எடுத்துக் காட்டுவதற்கு அங்கே அந்த எண் மட்டுமே இருக்கும்.