இருமுறை நிறுத்தியும் ஓயாத கார்

நம் சங்க மலரில் ஹாஸ்டல் சாப்பாடும், கிளாஸ் கட் அடித்த கதைகளும்தான் வழக்கமாக இடம்பெறும். ஒரு மாறுதலுக்கு இம்முறை ஒரு காரின் வரலாற்றை எழுதலாமே என்று தோன்றியது. "மெக்கானிக்கல்காரன் வேற எதை எழுதுவான்?" என்று மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் என்ற காரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதை வாங்கி, கடைசி நட்டு வரை பிரித்து, மறுபடி பூட்டி, ஆயுள் முழுக்கக் கட்டிக் காப்பவர்கள் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்னும் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். இந்த வரலாற்றில் அந்தக் காரை உருவாக்கியவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இவர்களுக்கும் உண்டு.

விமானத்திலிருந்து காருக்கு

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானில் விமானம் கட்டத் தடை விதிக்கப்பட்டது. தாச்சிகாவா, நாகாஜிமா விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்த பொறியாளர்கள் பலர் கார் பக்கம் வந்தார்கள். அவர்கள் வழியில் வளர்ந்த கம்பெனிதான் பிரின்ஸ். அதன் முதல் ஸ்கைலைன் 1957ல் வெளிவந்தது. சாதுவான குடும்பக் கார்தான்.

1964 மே மாதம் சுஸூகாவில் இரண்டாவது ஜப்பான் கிராண்ட் பிரீ பந்தயம். அதற்காக ஷினிச்சிரோ சகுராய் தலைமையிலான குழு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஸ்கைலைனின் முன்பக்கத்தை 200 மில்லிமீட்டர் நீட்டி, குளோரியா என்ற பெரிய காரின் ஆறு சிலிண்டர் என்ஜினை உள்ளே இறக்கிவிட்டார்கள்! விதிமுறைக்காக அப்படி 100 கார்கள் தயாராயின. பந்தயத்தில் எதிரே நின்றது ஜெர்மனியின் போர்ஷே 904. ஒரு கட்டத்தில் தெத்ஸு இகுஸாவா ஓட்டிய ஸ்கைலைன் அந்தப் போர்ஷேயையே முந்திவிட்டது. கொஞ்ச நேரம்தான். கடைசியில் போர்ஷே ஜெயித்தது. ஆனாலும் இரண்டு முதல் ஆறு வரை அத்தனை இடமும் ஸ்கைலைனுக்குத்தான். தோற்ற பந்தயத்தில் பிறந்த பெயர் என்றால் மிகையாகாது.

1966ல் பிரின்ஸ் நிஸானோடு இணைந்தது. 1969 பிப்ரவரியில் முதல் ஜி.டி-ஆர் வந்தது. ஆர்380 என்ற பந்தயக் காரின் என்ஜினை அடியொற்றிய எஸ்20 என்ஜின்: 1989 சி.சி., 24 வால்வு, 160 குதிரைத்திறன். சதுர வடிவம் என்பதால் ரசிகர்கள் 'ஹாகோஸுகா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 'ஹாகோ' என்றால் பெட்டி. இந்தப் பெட்டி 1972க்குள் 50 வெற்றிகளை அள்ளியது.

முதல் நிறுத்தம்

1973 ஜனவரியில் அடுத்த ஜி.டி-ஆர் வந்தது. அந்த சமயத்தில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. எஸ்20 என்ஜினால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சில மாதங்களிலேயே தயாரிப்பு நின்றது. மொத்தம் 197 கார்கள்தான். ஒரு பந்தயத்தில்கூட அது ஓடவில்லை. அதன்பின் 16 ஆண்டுகள் ஜி.டி-ஆர் என்ற பெயரே இல்லை.

அந்த 16 ஆண்டுகளில் அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது யார்? பழைய காரை விற்காமல் வைத்திருந்த சாதாரண ஜனங்கள்தான். அசல் எஸ்20 கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. சாதா ஸ்கைலைனை வாங்கி, நிஸானின் எல் வகை என்ஜினை அதில் பொருத்தி, போர் செய்து மூன்று லிட்டருக்கும் மேல் பெரிதாக்கி ஓட்டினார்கள். நம்ம ஊர் மெக்கானிக் பழைய அம்பாசடரில் வேறு டீசல் என்ஜின் மாட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே புத்தி, வேறு பாஷை.

மறுபிறப்பு

சகுராய் 1984ல் உடல்நலம் குன்றியதால் பொறுப்பு அவர் சிஷ்யர் நாகானோரி இத்தோவிடம் வந்தது. 1989ல் அவர் தலைமையில் வந்ததுதான் ஆர்32 ஜி.டி-ஆர்.

மாணவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அதன் ஆர்.பி.26 என்ஜின் 2568 சி.சி. ஏன் இந்த விசித்திர அளவு? அன்றைய குரூப் ஏ பந்தய விதிப்படி டர்போ என்ஜினின் அளவை 1.7ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 4366 வரும். 4500 சி.சி. வகுப்புக்குள் அடங்கும், அகலமான டயர் போட அனுமதியும் கிடைக்கும். விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்த என்ஜின் அது! இரண்டு டர்போ, தேவைக்கேற்ப முன்சக்கரத்துக்கும் விசை அனுப்பும் நான்கு சக்கர இயக்கம். ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி காகிதத்தில் 280 குதிரைத்திறன்தான். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் 29 பந்தயங்கள், 29ம் ஜி.டி-ஆருக்கே. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தையும் 1991, 1992ல் வென்றது. அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'காட்ஸில்லா'.

1995ல் ஆர்33, 1999ல் ஆர்34 வந்தன. 2002ல் மறுபடி புகை விதி, மறுபடி நிறுத்தம். 2007ல் வந்து 2025 ஆகஸ்ட் வரை தயாரான ஜி.டி-ஆர் ஸ்கைலைன் என்ற பெயரைச் சுமக்கவில்லை.

பிரித்து மாட்டுகிறவர்கள்

கார் பழசானால் என்ன ஆகும்? ஆர்32ஐ எடுத்துக்கொள்வோம். ஆயில் பம்ப்பைச் சுற்றுகிற கிராங்க் முனையில் பிடிமானம் குறுகல். அதிக வேகத்தில் பம்ப்பின் பல்சக்கரம் விரிசல் விடும். ஆயில் நின்றால் என்ஜின் காலி. ஆரம்பத்தில் வந்த டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக், பூஸ்ட்டை ஏற்றினால் நொறுங்கும். பாடியில் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் துரு. ஒயரிங் காய்ந்து உடையும். இது அத்தனையும் சரிசெய்ய என்ஜினை இறக்கி, அளந்து, பார்ட்ஸ் தேடி, டிங்கரிங் செய்து ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நடக்கும் வேலை.

ஜப்பானில் இது இன்னும் கஷ்டம். புதுக் காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை. 13 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியும் கூடும். போதாக்குறைக்கு, 25 வயதான வெளிநாட்டுக் காரை அமெரிக்காவில் இறக்குமதி செய்யலாம் என்பதால் 2014 முதல் ஆர்32கள் அங்கே கப்பலேறின. விலை ஏறியது. அந்தக் காரைப் பார்த்து வளர்ந்த ஜப்பானிய இளைஞனுக்கே அது எட்டாக்கனி ஆனது.

இவர்களைத் தோற்கடிக்கக்கூடியது பணம்கூட இல்லை, ஒரு ரப்பர் ஹோஸ். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டால் எவ்வளவு உசத்தியான காரும் ஷெட்டில் நிற்கும் சிலைதான். சொந்தக்காரர்கள் விடவில்லை. உடைந்த காரிலிருந்து பார்ட்ஸ் எடுத்தார்கள், லேத்தில் கடைந்தார்கள், வாங்கிச் சேர்த்தார்கள். கடைசியில் 2017 டிசம்பரில் நிஸானும் அதன் பந்தயப் பிரிவான நிஸ்மோவும் ஆர்32க்கான ஒயரிங், ஹோஸ், வெளிப்பாகங்கள் எனப் பலவற்றை மீண்டும் தயாரித்து விற்கத் தொடங்கின. பிறகு ஆர்33, ஆர்34க்கும் வந்தன. கைவிட்ட காருக்குத் தயாரித்த கம்பெனியே திரும்பி வந்தது. காரணம், சாலையில் அந்தக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஓடாத காருக்கு யார் ஹோஸ் செய்வார்கள்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டிசைன் செய்பவனுக்குத்தான் நம் படிப்பில் மரியாதை. மெயின்டெனன்ஸ் என்றால் இளக்காரம். சகுராயும் இத்தோவும் மேதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வரைந்ததை இன்றைக்கும் ஓட வைத்திருப்பவை பெயர் தெரியாத, கிரீஸ் படிந்த கைகள். நீங்கள் செய்கிற மெஷின் எதுவானாலும், முப்பது வருஷம் கழித்து ஒருவன் அதைத் திறந்து பழுது பார்க்கப் போகிறான் என்று நினைத்து வரையுங்கள். முடிந்தால் அந்த ஒருவனாக நீங்களே இருங்கள்.