நின்ற பந்தும் பயிற்றுநரும்

கால்பந்தாட்டத்தில் தடைபட்ட ஆட்டம், அசையாமல் வைக்கப்பட்ட பந்தை ஒருவர் உதைப்பதால் மீண்டும் தொடங்கும் தருணங்களைப் பயிற்றுநர்கள் ‘செட் பீஸ்’ என்கின்றனர். தற்காப்பு அணியினர் மேல் கடைசியாகப் பட்டுக் கோல் கோட்டைத் தாண்டிய பந்துக்காக மைதான மூலையிலிருந்து உதைக்கப்படும் கார்னர் கிக், விதிமீறலுக்கு ஈடாகத் தரப்படும் ஃப்ரீ கிக், கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு 12 கெஜத் தொலைவிலிருந்து அடிக்கப்படும் பெனால்டி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை ஆட்டத்தோடு உடன்பிறந்தவை அல்ல. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதிகளில் கார்னர் கிக் 1872-இல் இடம்பெற்றது. அயர்லாந்துக் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரமின் யோசனையால் பெனால்டி 1891-இல் வந்தது. கார்னரிலிருந்து எவர் மீதும் படாமல் நேரே வலைக்குள் செல்லும் பந்து கோலாகும் என்ற விதியோ 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் நின்ற பந்தே வெற்றியைத் தட்டிப் பறித்தது. 1948 ஜூலை 31 அன்று லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில், வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் பிரான்சுடன் சமநிலைக்கு வந்தும், இறுதி நிமிடங்களில் விழுந்த கோலால் 1–2 என்று தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஒன்றைத் தவறவிட்ட சைலேன் மன்னா வலிமையான ஃப்ரீ கிக்குகளுக்குப் பெயர்பெற்றவர். 1951-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர். அத்தகையவரைத் தோல்விக்குப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. நின்ற பந்தை ஒருவர் காலுக்கு வாய்த்த வரமாகக் கருதி, அவரிடமே முழுவதையும் ஒப்படைத்துவிடும் மனப்பாங்கு நெடுங்காலம் நிலவியது என்பதையே இங்கு கருத வேண்டும்.

பின்வந்த பயிற்றுநர்கள் இதைக் கூட்டு உழைப்பாகக் கண்டனர். புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலையிலும் தச்சங்குறிச்சியிலும் காளை வெளிவரும் வாடிவாசல் எது என்று தெரிந்திருப்பதால் மாடுபிடி வீரர்கள் முன்கூட்டியே இடம்பிடித்து நிற்பதைப் போல, பந்து புறப்படும் இடம் தெரிந்திருப்பதால், ஓடும் ஆட்டத்தில் கைகட்டி நிற்க நேரும் பயிற்றுநர் இங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை வகுத்துத் தர முடிகிறது. உதைப்பவர் கையை உயர்த்திக் குறிப்புக் காட்டுவார். ஒருவர் அருகிலுள்ள கம்பத்தை நோக்கி ஓடி எதிரணியை இழுத்துச் செல்வார். இன்னொருவர் எதிராளியின் வழியில் நின்று தடுப்பார். அவ்வாறு திறந்த இடத்துக்குத் தாமதமாக ஓடிவருபவர் தலையால் முட்டுவார். தற்காக்கும் அணியோ ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் ‘மேன் மார்க்கிங்’, இடத்தைக் காக்கும் ‘ஜோனல் மார்க்கிங்’ என்ற இரண்டில் ஒன்றையோ இரண்டும் கலந்ததையோ தேர்கிறது. முதலில் எதிரணி இல்லாமலும் பின்னர் எதிரணியை நிறுத்தியும் இவை திரும்பத் திரும்பப் பழக்கப்படுகின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. எனினும் பதினொருவரும் ஒன்றாகக் கூடிப் பழகும் நாட்கள் தேவை, போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் கூடும் சிற்றூர் அணிகளுக்கு எட்டாதிருப்பது அதுவே.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம், தமிழ்நாட்டு அணியொன்று இக்கலையால் வென்றதற்குச் சிறந்த சான்று. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற பெங்களூரு அணி, சுனில் சேத்ரியின் கோலால் 9-ஆவது நிமிடத்திலேயே முன்னேறியது. ஜான் கிரெகரி பயிற்றுவித்த சென்னையின் எஃப்சி-க்காக கிரெகரி நெல்சன் அனுப்பிய கார்னர்களை, பிரேசில் நாட்டுத் தற்காப்பு வீரர் மெயில்சன் ஆல்வெஸ் 17-ஆவது நிமிடத்தில் ஒருமுறையும் இடைவேளைக்குச் சற்றுமுன் மறுமுறையும் தலையால் முட்டிக் கோலாக்கினார். இறுதியில் சென்னை அணி 3–2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு கோடையில் ரஷ்ய உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களுள் 9 செட் பீஸ்களிலிருந்து பிறந்தன. அதன் பயிற்றுநர் காரத் சவுத்கேட், எதிராளியின் வழியை மறித்து நண்பனை விடுவிக்கும் உத்தியை அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து கற்றவர். இன்று பெரிய அணிகள் இதற்கென்றே தனிப் பயிற்றுநரை அமர்த்துகின்றன. 2021-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் அப்பணியைச் செய்த ஜியானி வியோ, முன்பு வங்கியில் வேலை பார்த்தவர்.