வலைப்பூவில் வருமானம்: நிலைத்து நிற்கும் வழிகள் எவை?

"வீட்டிலிருந்தபடியே மாதம் அரை லட்சம் சம்பாதிக்கலாம்" என்ற செய்தி வந்து விழாத வாட்ஸ்அப் குழு இன்று அநேகமாக இருக்காது. வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்கள், வேலை தேடும் பட்டதாரிகள், வீட்டுப் பொறுப்புகளுக்கு இடையில் ஏதாவது சம்பாதிக்க விரும்பும் சகோதரிகள் எனப் பலரும் இதை நம்பிப் பணம் கட்டிப் பயிற்சியில் சேர்கிறார்கள். மூன்று மாதம் எழுதுகிறார்கள். ஒன்றும் வரவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் வலைப்பூ எழுதிச் சம்பாதிக்கவே முடியாதா? முடியும். ஆனால் அந்தப் பணம் யாரிடமிருந்து, எதற்காக வருகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் எந்த வருமானம் நிலைக்கும், எது நிலைக்காது என்பதும் தெளிவாகிவிடும்.

விளம்பர வருமானம்: கணக்கைப் பார்ப்போம்

வலைப்பூ வருமானம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கூகுளின் ஆட்சென்ஸ். 2003-ல் தொடங்கிய இந்தத் திட்டம், 2018 பிப்ரவரியில்தான் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது. கணக்கு வைத்திருப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும்.

அந்த 100 டாலருக்கு எவ்வளவு உழைக்க வேண்டும்? ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 டாலர் சேர 2 லட்சம் பார்வைகள் வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஒரு தமிழ் வலைப்பூ அந்த எண்ணிக்கையைத் தொட நெடுநாள் ஆகும். ஆங்கிலப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பரக் கட்டணத்தைத் தமிழில் எதிர்பார்ப்பதும் சரியல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. பார்வைகளில் பெரும்பகுதி கூகுள் தேடலிலிருந்து வருகிறது என்றால், நம் வருமானத்தின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். 2024 மார்ச்சில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது பல தளங்கள் வாசகர்களை இழந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்க விடை தேடல் பக்கத்தின் மேலேயே இந்தியாவிலும் தோன்ற ஆரம்பித்தது. அங்கேயே விடை கிடைத்துவிட்டால் நம் பக்கத்துக்கு வர வேண்டிய தேவை பலருக்கு இல்லை. ஆகவே விளம்பர வருமானத்தை உபரியாக மட்டுமே கருத வேண்டும். வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அதை நம்பக் கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. உதவி செய்வதாக நினைத்து மச்சானும் மாமியும் அந்த விளம்பரங்களை அழுத்திக்கொண்டே இருந்தால், மோசடி என்று கருதிக் கணக்கையே மூடிவிடுவார்கள்.

எந்த விளம்பரம், யாருடைய பணம்?

வட்டிக் கடன், சூதாட்டம், மது ஆகியவற்றின் விளம்பரங்கள் நம் எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை நம்மில் யாரும் விரும்ப மாட்டோம். ஆட்சென்ஸ் கணக்கில் விளம்பர வகைகளையும் குறிப்பிட்ட விளம்பரதாரர்களையும் தடுக்க வசதி இருக்கிறது. கணக்கு தொடங்கிய அன்றே அதைச் செய்துவிட வேண்டும். அதோடு விட்டுவிடாமல், என்ன விளம்பரங்கள் வருகின்றன என்று அவ்வப்போது கவனித்து வர வேண்டும்.

நேரடியாக அழைத்துப் பெரிய தொகை தருவதாகச் சொல்லும் விளம்பரங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவது 2025-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஹலாலா ஹராமா என்ற கேள்விக்கு அப்பால், சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது.

பரிந்துரைக் கமிஷனும் நிறுவன ஆதரவும்

நாம் தரும் இணைப்பின் வழியாக வாசகர் ஒரு பொருளை வாங்கினால், அமேசான் போன்ற நிறுவனங்கள் நமக்கு ஒரு சிறு விகிதம் தருகின்றன. விளம்பரத்தைவிட இது மேல். ஏனென்றால் இதற்கு லட்சக்கணக்கான பார்வைகள் தேவையில்லை. நம் சொல்லை நம்பும் சில நூறு பேர் போதும். பத்து வருடம் வீட்டில் இட்லி மாவு அரைத்த அனுபவத்தோடு ஒரு சகோதரி கிரைண்டர் பற்றி எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கிறது. கையால் தொட்டே பார்க்காத பொருளைப் புகழ்ந்தால், வாங்கி ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார்.

பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு எழுதும்போது, இது விளம்பரம் என்று வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். இதற்கான வழிகாட்டு நெறிகளை 2023 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாங்குபவரிடம் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல.

நிலைக்கும் வழி: நமக்குத் தெரிந்ததை விற்பது

நீண்ட காலம் தாக்குப்பிடித்த வலைப்பூக்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். அவை எழுத்தை இலவசமாகத் தந்து நம்பிக்கையைச் சம்பாதித்தன. பிறகு அந்த வாசகர்களுக்குத் தேவையான ஒன்றைத் தாமே உருவாக்கி விற்றன.

அமெரிக்காவைச் சேர்ந்த சகோதரி இவோன் மஃபே, இஸ்லாத்தைத் தழுவிய பின், பலநாட்டுச் சமையலை ஹலாலாகச் செய்வது எப்படி என்று 2008 முதல் 'மை ஹலால் கிச்சன்' வலைப்பூவில் எழுதினார். பன்றி இறைச்சியும் மதுவும் சேரும் குறிப்புகளில் அவற்றுக்கு மாற்றாக எதைச் சேர்ப்பது என்பதுதான் அவர் வாசகர்களின் கேள்வி. அதே பெயரில் அவருடைய சமையல் நூல் 2016-ல் வெளியானது.

அமெரிக்காவில் கட்டடக் கலை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பாட் ஃபிளின், ஒரு தொழில்முறைத் தேர்வுக்காகத் தான் எழுதிய குறிப்புகளை இணையத்தில் சேர்த்து வைத்திருந்தார். 2008-ல் வேலை போனது. அந்தக் குறிப்புகளை மின்நூலாக்கி அக்டோபரில் விற்கத் தொடங்கினார். முதல் மாதம் சுமார் 7,900 டாலர் வந்தது. தேர்வு எழுதுபவர்கள் ஏற்கனவே அவரைத் தேடி வந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

நம் நாட்டில் அமித் அகர்வால் 2004-ல் வேலையை விட்டுவிட்டு, ஆக்ராவில் இருந்தபடி தொழில்நுட்ப வலைப்பூ எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் ஜிமெயில், கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துவோருக்குத் தேவையான சிறு மென்பொருள்களை உருவாக்கி விற்கிறார்.

மூவரும் ஒரே துறையில், ஒரே வகை வாசகருக்கு எழுதினார்கள். சினிமா, அரசியல், வைத்தியம் என எல்லாவற்றையும் தொடவில்லை. நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட அறிவு நிறையவே இருக்கிறது: தையல், பிரியாணி, வட்டலாப்பம், டிஎன்பிஎஸ்சி தேர்வுக் குறிப்புகள், அரபுமொழிப் பாடம், வளைகுடா வேலைக்கான ஆவணங்கள். இவற்றை மின்நூலாகவோ, இணைய வகுப்பாகவோ, ஆலோசனையாகவோ மாற்றலாம். தமிழ் மின்நூல்களை அமேசான் கிண்டிலில் நாமே வெளியிடலாம். நிபந்தனைகளைப் பொறுத்து விலையில் 35 அல்லது 70 சதவீதம் எழுதியவருக்குக் கிடைக்கும். வலைப்பூவைப் பார்த்து எழுத்து, மொழிபெயர்ப்பு வேலைகள் தேடி வருவதும் உண்டு. பலருக்கு முதல் வருமானமே அதுதான்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று, சொந்தத் தளப்பெயர் வாங்குங்கள். பிளாக்கரில் இலவசமாக எழுதினாலும் சொந்தப் பெயரை இணைக்க முடியும். நாளை வேறிடத்துக்கு மாறினாலும் வாசகர் அதே பெயரில் நம்மைத் தேடி வருவார்.

இரண்டு, விருப்பமுள்ள வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வாருங்கள். தேடல் மாறலாம், முகநூல் நம் பதிவைக் காட்டாமல் போகலாம். மின்னஞ்சல் பட்டியல் நம் கையில் இருக்கும். எழுதியவற்றுக்கு ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

மூன்று, பிறர் எழுத்தையும் படத்தையும் எடுத்துப் போடாதீர்கள். அது அடுத்தவர் உழைப்பு.

நான்கு, வரவு செலவை எழுதி வையுங்கள். இந்த வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தமிழகத்தில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை. தொகை வளரும்போது ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்து, இருக்கும் வேலையை விடாதீர்கள். நகையை அடகு வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். தொடங்கத் தேவையானவற்றை இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். வாரம் ஒரு நல்ல கட்டுரை எழுதினால் ஒரு வருடத்தில் 52 கட்டுரைகள் சேரும். வாசகர்கள் எதை மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். நாம் விற்க வேண்டியது எதுவென்று அந்தக் கேள்விகளே சொல்லிவிடும்.

மளிகைக் கடை வைத்தவர் முதல் மாதமே லாபம் எதிர்பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் பழகி, எடையும் விலையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மாதாந்திரச் சாமான் பட்டியலை நம்மிடம் தருவார். வலைப்பூவும் அப்படித்தான். நம்பிக்கை சேரும் வரை பொறுமையாக எழுதினால் வருமானமும் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.