பஞ்சும் நூலும் பெயரும்: எமது தையல் அறையின் துணிப் பொம்மைகள்

கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் புரட்டிப் பார்ப்பது அதிபர் அறிக்கைகளையும் பரிசளிப்பு விழா மலர்களையுமே. அவற்றில் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள் உண்டு. பரீட்சைப் பெறுபேறுகள் உண்டு. வலைப்பந்தாட்ட வெற்றிகள் உண்டு. தையல் அறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: கைப்பணிப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை யானைகள், முயல்கள், கிளிகள், பாவைப்பிள்ளைகள் அடங்கியிருந்தன என்பதை அறிந்தவர்கள் அவற்றைத் தைத்த நாமும், அவற்றைக் கட்டிப்பிடித்து நித்திரை கொண்ட எமது தம்பி தங்கையருமே. சங்கத்தின் இந்த நூற்றாண்டு மலரில் அந்த வரியைச் சற்று விரித்து எழுத முனைகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியோடு ஊசியும் நூலும் தொடக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தபோது வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பின்னர் தோன்றிய மிஷன் பாடசாலைகளும், 1913இல் சேர். பொன். இராமநாதன் நிறுவிய சைவ மகளிர் கல்லூரி போன்றவையும் பெண்கல்வியைப் பரப்பின. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. காலப்போக்கில் அதன் தையல் மெசின் நம் வீடுகளின் விறாந்தைகளிலும் இடம் பிடித்தது.

வகுப்பில் நாம் முதலில் தைத்தது மாதிரித் துணி. ஒரு வெள்ளைத் துண்டில் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் என வரிசையாகப் போட்டுக் காட்ட வேண்டும். அது ஆசிரியைக்கும் பரீட்சகருக்கும் உரியது. புள்ளி போடப்பட்டதும் அதன் வேலை முடிந்துவிடும். துணிப் பொம்மை அப்படியல்ல. அதே தையல்கள்தான், ஆனால் அதை யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்பது வெட்டும்போதே நமக்குத் தெரியும்.

இத்தகைய பொம்மையின் உலக வரலாற்றிலும் ஒரு பரிசு இருக்கிறது. ஜேர்மனியின் கீங்கன் என்னும் ஊரில் 1847இல் பிறந்த மார்கரெற்றே ஸ்ரைஃப் குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் தாக்கப்பட்டவர். கால்கள் இயங்கவில்லை, வலக்கையும் பலமிழந்திருந்தது. ஆயினும் தையல் பயின்று உடுப்புத் தைக்கும் தொழிலை நடத்தினார். சஞ்சிகை ஒன்றில் வந்த வெட்டு மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்தி வைக்கவென 1880 அளவில் சின்னஞ்சிறு யானைகளைத் தைத்து உற்றார் உறவினருக்குக் கொடுத்தார். அவர்களின் பிள்ளைகள் குண்டூசிகளைப் பிடுங்கிவிட்டு யானைகளை விளையாட எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் உலகப் புகழ்பெற்ற ஸ்ரைஃப் பொம்மை நிறுவனம்.

அமெரிக்காவிலும் இதற்கொப்பான கதை உண்டு. 1902 நவம்பரில், கட்டி வைக்கப்பட்டிருந்த கரடியைச் சுட ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் மறுத்த செய்தி கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதைப் பார்த்து, புரூக்ளினில் இனிப்புக்கடை நடத்திய மொறிஸ் மிச்ரமும் மனைவி றோசும் துணிக் கரடி செய்து கடையில் வைத்தனர். கரடிக்கு ஜனாதிபதியின் செல்லப்பெயர் கிடைத்தது. மொறிசின் பெயரும் வரலாற்றில் நின்றது. ஊசி பிடித்த றோசை நினைவுகூர்வோர் குறைவு. தையல் அறைகளின் வரலாறு எங்கும் இப்படித்தான் போலும்.

எமது ஊரில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் முற்றத்திலேயே கிடைத்தன. பனங்காயில் வண்டில், பனையோலையில் கிலுக்கு, பழஞ்சேலைத் துண்டைச் சுருட்டிக் கட்டினால் பாவைப்பிள்ளை. தையல் வகுப்பு அந்தப் பாவைப்பிள்ளைக்கு ஒரு முறையைக் கற்றுத் தந்தது. முதலில் கடதாசியில் உருவத்தை வெட்ட வேண்டும். துணியின் நல்ல பக்கங்கள் இரண்டும் உட்புறமாக இருக்கும்படி மடித்து, கடதாசியைக் குத்தி, தையலுக்கெனக் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். சுற்றித் தைக்கும்போது புரட்டுவதற்கு இரண்டு விரல் நுழையும் வாய் விட வேண்டும். காதிலும் கழுத்திலும் வளைவுகளில் சிறு வெட்டுகள் போடாவிட்டால் புரட்டிய பின் துணி சுருங்கி முயல் பன்றியாகிவிடும். பிறகு பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்து, அகப்பைக் காம்பால் கால் நுனிவரை தள்ள வேண்டும். அவசரப்பட்டு அள்ளித் திணித்தவர்களின் யானைகள் நிற்க மாட்டா.

உள்ளே திணித்தது இலவம் பஞ்சு. வழுவழுப்பான குறு நாராக இருப்பதால் அதை நூலாக நூற்பது கடினம். தலையணைக்கும் மெத்தைக்கும் அதைவிடச் சிறந்தது எமக்குக் கிடைக்கவில்லை. இலவு காத்த கிளி ஏமாந்தது என்பார்கள். நாம் தைத்த கிளிகளுக்கு அந்தக் குறை இல்லை. அவற்றின் வயிறு நிறைய இலவம் பஞ்சுதான்.

பழைய பொம்மையொன்றைக் கையிலெடுத்தால் அது தைக்கப்பட்ட காலத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்பது எமது அனுபவம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் புதுத் துணியை வெட்டிப் பொம்மை செய்ய எந்தத் தாய் சம்மதிப்பாள்? கிழிந்த பாடசாலைச் சீருடையும் அப்பாவின் பழைய சேட்டும் பொம்மைகளாயின. கழற்றிய தெறிகள் கண்களாயின. 1977இன் பின் திறந்த பொருளாதாரமும் 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயமும் வந்தன. ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகளும், வெள்ளை நிறச் செயற்கைப் பஞ்சும் புழக்கத்துக்கு வந்தன. இவற்றைத் தண்ணீரில் தோய்க்கலாம். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டிபட்டுவிடும்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரங்களே தையல் அறையின் சுறுசுறுப்பான காலம். நத்தாருக்கு ஒருத்தி தைப்பாள். தைப்பொங்கலுக்குத் தருவதாக மற்றவள் தைப்பாள். விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பைகளில் புத்தகங்களுக்கு மேலே ஒரு முயலின் காது தெரியும். ஒவ்வொன்றிலும் பெறும் பிள்ளையின் அடையாளம் ஒன்று இருக்கும். பெயரின் முதலெழுத்தைக் காதிலோ காலடியிலோ காம்புத் தையலால் போடுவோம். தங்கச்சியின் அளவு குறைந்த சட்டைத் துணியிலேயே அவளுடைய பாவைப்பிள்ளைக்கும் சட்டை தைப்போம். கைக்குழந்தைக்கென்றால் தெறி வைப்பதில்லை. பிடுங்கி விழுங்கிவிடும் என்பதால் கண்களை நூலாலேயே நிரப்பித் தைப்போம். கடையில் வாங்கும் பொம்மைக்கு இந்தக் கவலைகள் தெரியாது.

1990இன் பின் வடக்கில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எனப் பல பொருட்களுக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் படித்த அந்தத் தலைமுறையின் சகோதரிகள் அதே வெளிச்சத்தில் பொம்மையும் தைத்தார்கள். நூல் மிச்சப்பட வேண்டுமென்று பழைய தையல்களைப் பிரித்து நூலெடுத்தார்கள். வெளியிலிருந்து விளையாட்டுப் பொருள் வராத ஆண்டுகளில், ஒரு பிள்ளைக்கு நத்தார் வந்தது, பொங்கல் வந்தது என்று சொல்ல வீட்டில் இருந்தது அந்த ஒரு துணி முயலாகவும் இருக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. உறுதிகள், சான்றிதழ்கள், அரிசி, ஒரு மாற்றுடுப்பு. பிள்ளை கையில் பிடித்திருந்ததை மட்டும் யாரும் பறிக்கவில்லை. பாரமில்லாத பொருள், மழையில் நனைந்தாலும் உடையாத பொருள். சில பொம்மைகள் அப்படித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போயின. அவற்றில் சில இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் அலுமாரிகளில் இருக்கின்றன. அலுமாரியோடு விட்டு வந்தவை திரும்பக் கிடைக்கவில்லை.

கல்லூரிகள் பலவற்றின் பழைய பதிவேடுகளும் புகைப்படங்களும் அந்த ஆண்டுகளில் அழிந்தன. ஆகவேதான் இந்தச் சிறு பொருட்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கருதுகிறோம். அவற்றின் துணி ஒரு வீட்டின் நிலையைச் சொல்கிறது. பஞ்சு நாட்டின் நிலையைச் சொல்கிறது. தையல், அதைக் கற்பித்த ஆசிரியையின் கையைச் சொல்கிறது: தன் ஆசிரியை சொல்லிக் கொடுத்தவாறு முடிச்சை உட்பக்கம் மறைப்பவள் ஐம்பது வயதிலும் அப்படியே மறைப்பாள்.

தோழியரிடம் எமது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, உங்களிடமோ நீங்கள் பரிசளித்த சகோதரரிடமோ அத்தகைய பொம்மை இருந்தால், தோய்க்கவோ புதுப் பஞ்சு திணிக்கவோ வேண்டாம். நிழலில் காற்றாட வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து, தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார், எந்த ஆண்டு, துணி எந்த உடுப்பிலிருந்து வந்தது என்ற நான்கு விபரங்களையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இரண்டாவது, வருகின்ற விடுமுறையில் பேரப்பிள்ளைக்கு ஒன்று தைத்துக் கொடுங்கள். பெயரின் முதலெழுத்தைக் காலடியில் போட மறக்க வேண்டாம். தைத்தவளின் எழுத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். எமது காலத்தில் அதைப் போடும் வழக்கம் இருக்கவில்லை.