பட்டான்செரு: மருந்து வெளியே போனது, கழிவு ஊரிலேயே நின்றது

அன்ரிபயோட்டிக் வேலை செய்யாமல் போகுது எண்டு கதைக்கத் தொடங்கினால் பழி உடனே நோயாளியின் தலையில்தான் விழும். "அஞ்சு நாள் போடச் சொன்னதை ரெண்டு நாளோட நிப்பாட்டிட்டினம்", "துண்டு இல்லாமல் பாமசியில வாங்கிப் போடுகினம்" என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பெனிசிலினைக் குறைந்த அளவில் எடுத்தால் பற்றீரியாக்கள் அதற்குப் பழகிவிடும் என்று 1945இலேயே, தனது நோபல் உரையில், அலெக்சாண்டர் பிளெமிங் எச்சரித்திருந்தார். ஆனால் இதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. யாரும் விழுங்காமலே தொழிற்சாலைக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போன மருந்தின் வரலாறு. அதைத் தெரிந்துகொள்ள ஐதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டான்செருவுக்குப் போகவேண்டும்.

கதை நல்ல நோக்கத்தோடுதான் தொடங்குகிறது. சுதந்திரத்துக்குப் பின்னான இந்தியாவில் மருந்து விலை சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1961இல் சோவியத் உதவியோடு அரச மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். உருவானது. அதன் ஆலைகளில் ஒன்று ஐதராபாத்தில் அமைந்தது. 1970இல் வந்த காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கான காப்புரிமையை எடுத்துவிட்டு, தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை கொடுத்தது. அதாவது வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தால் செய்யலாம். அரச ஆலையில் தொழில் பழகிய இரசாயனவியலாளர்கள் சிலர் வெளியே வந்து சொந்தக் கொம்பனிகள் தொடங்கினார்கள். ஐதராபாத்தைச் சுற்றி மருந்தின் மூலப்பொருள் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. பட்டான்செரு அவற்றின் மையங்களில் ஒன்றானது.

இதே காலத்தில்தான் இங்கே சேனக்க பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக, கேள்வி கோரி மலிவாக மருந்து வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய கொம்பனிகளின் பெயருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் இரண்டு நாடுகளிலும் இருந்த எண்ணம். இன்றைக்கும் எங்கட ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற மருந்தில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்துதான் வருகிறது. ஆகவே பட்டான்செருவின் கதை எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை.

மருந்து கப்பலேறியது. கழிவு நக்கவாகு என்ற ஓடையில் இறங்கியது. அந்த ஓடை மஞ்சீரா ஆற்றில் சேர்கிறது, மஞ்சீரா கோதாவரியில் சேர்கிறது. ஓடைத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர்களின் பயிரும், கிணறுகளும், கால்நடைகளும் பாதிக்கப்பட்டன. ஊர் வைத்தியரான கிஷன் ராவ், தன்னிடம் வரும் நோயாளிகளில் மாற்றம் தெரிவதைக் கண்டு விவசாயிகளோடு சேர்ந்து போராடினார். 1990இல் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகுதான் பல ஆலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று வந்தது. சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்தபோது இங்கே சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊராரின் கோபம் விளங்கும்.

ஆனால் அந்தக் கழிவில் என்ன மருந்து, எவ்வளவு இருக்கிறது எண்டு அளக்கும் கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. அமிலத்தன்மை, ஒட்சிசன் தேவை போன்றவற்றுக்குத்தான் எல்லை இருந்தது. 2007இல் சுவீடனின் ஜோகிம் லார்சனும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற அந்த நிலையத்தில் இருந்து சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்தது. அந்த மருந்தை எடுக்கும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரு நாளில் வெளியேறிய அளவு ஏறக்குறைய 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 500 மில்லிகிராம் குளிசையாக எண்ணினால் 90,000 குளிசை! நோயாளிக்குப் போகவேண்டிய மருந்து தினமும் ஓடைக்குப் போனது.

இதனால் என்ன நடக்கும்? மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிற பற்றீரியா மட்டும் அந்தத் தண்ணீரில் மிஞ்சும், பெருகும். அதோடு முடியாது. தாக்குப்பிடிக்கும் மரபணுவை ஒரு பற்றீரியா தன் இனமே இல்லாத இன்னொன்றுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். ஜப்பானில் வயிற்றுளைவு பற்றீரியாக்களை ஆராய்ந்தவர்கள் 1950களின் முடிவிலேயே இதைக் கண்டுவிட்டார்கள். பட்டான்செரு நிலையத்தில் மருந்துக் கழிவோடு மனிதக் கழிவுநீரும் கலக்கப்பட்டது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் குடலில் இருந்து வந்த பற்றீரியாவும் கொட்டுகிற மருந்தும் ஒரே தொட்டியில் சந்தித்தன. 2013இல் வந்த ஆய்வின்படி, அங்கிருந்து எடுத்துச் சோதித்த பற்றீரியாக்களில் 86 வீதமானவை 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அசையவில்லை.

பற்றீரியாவுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. டெல்லியில் 2011இல் வெளியான வேறொரு ஆய்வு, பல மருந்துகளை முறியடிக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைத் தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் கண்டது. டெல்லியின் கதையில் மருந்து ஆலையைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருக்கிற பிரச்சினை எண்டு நினைத்தது வடிகாலிலும் குழாயிலும் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டியது. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகளாவிய மதிப்பீடு.

2020 ஜனவரியில் இந்திய அரசு ஆலைக் கழிவில் இருக்கக்கூடிய அன்ரிபயோட்டிக்குக்கு எல்லை விதிக்கும் வரைவை வெளியிட்டது. 2021இல் இறுதி விதி வந்தபோது அந்த எல்லைகள் அதில் இருக்கவில்லை. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வழிகாட்டி சட்டம் ஆகாது.

இதைப் படித்துவிட்டு "இந்திய மருந்து கூடாது" எண்டு முடிவெடுத்தால் அது பிழையான பாடம். மலிவு மருந்து உலகெங்கும் ஏழைகளின் உயிரைக் காத்தது, இன்றும் காக்கிறது. விலையைக் குறைத்தபோது கழிவைச் சுத்தமாக்கும் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை. அதை நக்கவாகுக் கரையில் இருந்தவர்கள் தங்கள் வயலாலும் கிணற்றாலும் கட்டினார்கள். மருந்து வேலை செய்யாத நாளில் மிச்சத்தை நாங்கள் எல்லோரும் கட்டுவோம்.

வாங்குகிறவர்களால் இதை மாற்ற முடியும். நோர்வேயின் பொது ஆஸ்பத்திரிகளுக்கு அன்ரிபயோட்டிக் வாங்கும்போது விலையோடு உற்பத்தியின் சூழல் தரத்துக்கும் புள்ளி கொடுக்கிறார்கள். கேள்வி கோரி மருந்து வாங்கும் வழக்கம் எங்களுக்கு 1971இல் இருந்து இருக்கிறது. அந்தப் பத்திரத்தில் "உங்கட ஆலைக் கழிவு எங்கே போகிறது?" எண்டு ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு நாங்கள் பணக்கார நாடாக இருக்கவேண்டியதில்லை.