மட்கார்டை வெட்டியவர்கள்

சைக்கிள் தொழிலில் பெயர்பெற்ற இக்னாஸ் ஷ்வின், 1931-இல் சிகாகோவில் நடத்திவந்த எக்செல்சியர்-ஹெண்டர்சன் மோட்டார் சைக்கிள் தொழிலை மூடினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் புது வண்டி வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் பெரிய நிறுவனம் என்று சொல்ல இரண்டே மிஞ்சின: ஸ்பிரிங்ஃபீல்டில் 1901-இல் தொடங்கிய இந்தியன், மில்வாக்கியில் 1903-இல் தொடங்கிய ஹார்லி-டேவிட்சன். இன்று பாபர், சாப்பர், பேகர் என்று வகை பிரித்து விற்கப்படும் குரூஸர்களின் வரலாறு அந்த வறட்சியிலிருந்தே தொடங்குகிறது. வண்டி வாங்கப் போகிறவர்கள் இவற்றை ரசனையின் வகைகளாக எண்ணி, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வண்டி ஓட்டியவர்கள் தங்கள் சாலைக்கும் கைக்காசுக்கும் ஏற்பச் செய்துகொண்ட மாற்றங்கள். தொழிற்சாலைகள் பிறகு வந்து அவற்றின் தோற்றத்தை எடுத்துக்கொண்டன. எந்தத் தேவைக்காக எது பிறந்தது என்று தெரியாமல் ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பவர், வேறொருவருடைய சாலைக்கான வண்டியைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பதே என் கருத்து.

இந்த வகைகளுக்கெல்லாம் மூலமான அமெரிக்க வண்டி எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மண் சாலைதான். அதனால் அகன்ற ஹேண்டில்பார், ஸ்பிரிங் வைத்த பெரிய சீட், பாதம் முழுவதையும் வைக்கப் பலகை, மெதுவாகச் சுழன்றபடியே பாரத்தை இழுக்கும் பெரிய இன்ஜின் ஆகியவை வந்தன. ஹார்லியின் வி-ட்வின் இன்ஜினில் இரு சிலிண்டர்களும் 45 பாகை கோணத்தில் நிற்கின்றன. இரு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் பின்னில் பூட்டப்பட்டிருக்கின்றன. அதனால் இரண்டு வெடிப்புகளுக்கும் இடைவெளி சமமாக இருப்பதில்லை. ரசிகர்கள் உருகும் அந்தத் தத்தித் தத்திப் போகும் ஓசை அப்படி வந்ததே தவிர, ஓசைக்காக யாரும் அதைத் திட்டமிடவில்லை.

முதல் வெட்டு பந்தயத்திலிருந்து வந்தது. சிறப்பு ரேஸ் வண்டி செய்யப் பணமில்லாத காலத்தில், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1934-இல் கிளாஸ் சி பந்தயங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் வண்டியே களத்தில் இறங்கலாம் என்பது அதன் சாரம். ஒருவர் தன் சொந்த வண்டியில் மைதானத்துக்கு வந்து, விளக்கையும் முன் மட்கார்டையும் கழற்றிவிட்டு ஓட்டினார். எடை குறைந்தால் வேகம் கூடும். அதைவிடச் செலவில்லாத வழி வேறில்லை. அந்தத் தோற்றம் சாலைக்கும் பரவியது. முன் மட்கார்டை எடுத்துவிட்டுப் பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டிய வண்டிகள், பாபரின் முன்னோர்கள், 1930-களிலேயே ஓடின. இந்தியன் நிறுவனம் 1940-இல் தன் சீஃப் வண்டிக்குச் சக்கரத்தைப் பாதி மூடும் பாவாடை போன்ற மட்கார்டுகளைப் போட்டபோது, தொழிற்சாலையின் ரசனையும் ஓட்டுநர்களின் ரசனையும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களே பாபரைக் கண்டுபிடித்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. போர் செய்தது வேறு: ராணுவத்துக்கென ஹார்லி செய்த சுமார் 90,000 டபிள்யூஎல்ஏ வகை வண்டிகளில் பல, போருக்குப்பின் உபரியாக மலிவு விலைக்கு வந்தன. வெட்டிப் பார்க்கத் துணியும் விலையில் வண்டி கிடைத்ததால், ஏற்கெனவே இருந்த பழக்கம் பெருகியது.

சாப்பரின் கதை இன்னும் ஆழமானது. அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் அதுதான். 1960-களின் கலிபோர்னியாவில் பழைய போலீஸ் ஹார்லிகள் ஏலத்துக்கு வந்தன. கனத்த, ஓடித் தேய்ந்த அந்த வண்டிகளை வாங்கி, சேஸிஸின் கழுத்தை அறுத்துச் சாய்வைக் கூட்டி, ஃபோர்க்கை நீட்டி, சின்ன டேங்க்கைப் பூட்டி, உயர்ந்த ஹேண்டில்பாரை வைத்தார்கள். 1969-இல் வந்த ஈஸி ரைடர் படம் இந்த உருவத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதில் ஓடிய வண்டிகளும் பழைய போலீஸ் வண்டிகளிலிருந்து உருவானவையே. அவற்றை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பின அமெரிக்கர்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை; அவர்கள் பெயர் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. வண்டி அமெரிக்க விடுதலையின் சின்னமாகிவிட, செய்த கைகள் மறைக்கப்பட்டன. இது அநீதி, சாப்பரைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லியாக வேண்டும். வண்டியின் குணத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். ஃபோர்க்கின் சாய்வு கூடும்போது முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, திருப்பு அச்சுக்கு வெகுதூரம் பின்னே போகிறது. நேர்ச்சாலையில் வண்டி தானாகவே நிலைத்து ஓடும். மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும். படத்தில் வந்த புகழ்பெற்ற அமெரிக்கக் கொடி வண்ண வண்டிக்குப் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லை, முன் பிரேக்கும் இல்லை. நீண்ட, நேரான, போக்குவரத்துக் குறைந்த நெடுஞ்சாலை இருந்ததால்தான் அந்த வடிவம் சாத்தியமாயிற்று.

தொழிற்சாலை இதைக் கவனித்தது. ஹார்லி நிறுவனர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன் 1971-இல் சூப்பர் கிளைடைக் கொண்டுவந்தார்: பெரிய வண்டியின் சேஸிஸும் இன்ஜினும், சிறிய ஸ்போர்ட்ஸ்டரின் மெலிந்த ஃபோர்க்கும் சேர்ந்தது. தெருவில் நடந்துகொண்டிருந்த ஒட்டுவேலையைத் தொழிற்சாலை தன் முத்திரையோடு செய்த முதல் சந்தர்ப்பம் இது. 1984-இல் வந்த சாஃப்ட்டெயில் இன்னும் தெளிவான சான்று. ஷாக் அப்சார்பர்களை கியர்பாக்ஸுக்கு அடியில் ஒளித்துவைத்து, பின்பக்கம் அவை இல்லாத பழைய வண்டிபோலக் காட்டினார்கள். ஒரு காலத்து இல்லாமை இங்கே விலைகொடுத்து வாங்கும் அலங்காரமானது. ஜப்பானிய நிறுவனங்களும் அதே பாதையில் வந்தன: 1976-இல் கவாசாகியின் எல்டிடி, 1981-இல் யமஹாவின் விராகோ, 1983-இல் ஹோண்டாவின் ஷேடோ. அந்த 1983-இலேயே அமெரிக்காவில் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்குக் கூடுதல் வரி போட்டது. ஹோண்டா உடனே 750 ஷேடோவை 700-க்குள் சுருக்கிக்கொண்டது. குரூஸரின் அளவை ஒரு வரிச்சட்டம்கூட வெட்டியிருக்கிறது.

என் கருத்துக்கு வலுவான மறுப்பு, பக்கப்பெட்டி பூட்டிய பேகரிலிருந்து வரும். பக்கப்பெட்டியும் காற்றுத் தடுப்பும் தொழிற்சாலையே கொடுத்தவை அல்லவா? உண்மைதான், அவற்றை ஹார்லியே தன் டூரிங் வண்டிகளுக்கு விற்றது. ஆனால் அங்கும் தேவைதான் முதலில் நின்றது: நெடும்பயணிக்குத் துணிமணி வைக்க இடம், நாள் முழுக்க மார்பில் மோதும் காற்றுக்கு மறைப்பு. 1965-இல் எலெக்ட்ரா கிளைடுக்கு செல்ஃப் ஸ்டார்ட் வந்ததும் கனத்த இன்ஜினை உதைத்து உயிர்ப்பிக்கும் சிரமத்தைப் போக்கத்தான். இரண்டாவது மறுப்பு இன்னும் நேரடியானது: இன்றைய வண்டிகளில் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கும்போது பழங்கதை எதற்கு, பிடித்ததை வாங்கினால் என்ன? பிரேக் மாறியிருக்கிறது, உட்காரும் விதம் மாறவில்லை. கால்களை முன்னே நீட்டி அமர்பவரின் எடை முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பின் அடியிலும் விழுகிறது. பள்ளம் வரும்போது அவரால் காலை ஊன்றி உடலைச் சற்றே தூக்க முடியாது. அதிர்ச்சி நேரே முதுகுக்கு ஏறும். குட்டைச் சீட்டோடும் வெட்டிய மட்கார்டோடும் வரும் பாபரில் பின்னால் ஒருவர் உட்கார இடமிருக்காது. மழையில் சேறு முதுகில் அடிக்கும். பந்தயக்காரனுக்கு இவை குறைகள் அல்ல. குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவருக்குக் குறைகள்தான்.

இந்த வரலாறு நம்மையும் தொடுகிறது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்த இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு, 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. புல்லட் குரூஸர் அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து, காலை உடலுக்குக் கீழே வைத்து ஓட்டும் ஆங்கிலேய வண்டி. நம் சாலைக்கு அது இத்தனை காலம் பொருந்தியதில் அந்த அமர்வுக்குப் பெரிய பங்குண்டு. அந்தக் கூட்டில் பிறந்த இந்திய நிறுவனம் 2002-இல் தண்டர்பேர்டையும் 2020-இல் மீட்டியர் 350-ஐயும் குரூஸர்களாகக் கொண்டுவந்தது. மீட்டியரின் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். ஃபுட்ரெஸ்ட் முன்னே தள்ளியிருந்தாலும் கால் முழுக்க நீளாது. அமெரிக்க வடிவத்தை அப்படியே நகலெடுக்காமல் பாதி வழியில் நிறுத்தியதை நான் சரியான முடிவு என்றே மதிப்பிடுகிறேன். இருநூறு மீட்டருக்கு ஒரு வேகத்தடையும் எதிர்பாராத இடத்தில் பள்ளமும் வரும் ஊரில், காலை முழுதாக நீட்டும் குரூஸர் அழகாக நிற்கும், ஓட்டுபவரை வருத்தும். எனவே ஷோரூமில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் உங்களைப் பார்க்காதீர்கள். இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஹேண்டில்பாரை இழுக்காமல் எழுந்து நிற்கப் பாருங்கள். எழ முடியவில்லை என்றால் அது நேர்ச்சாலைக்கான வண்டி. நீங்கள் அன்றாடம் போகும் வழி அப்படிப்பட்டதா என்று யோசித்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.